தண்ணீர் குறைந்தால் துளசி மணக்குமா?

கிள்ளான் கொமுட்டர் நிலையத்தில் இறங்கி ஜாலான் தெங்கு கிளானாவுக்கு நடந்தால், லிட்டில் இந்தியாவை முதலில் மூக்குதான் கண்டுபிடிக்கும். மல்லிகை, சாம்பிராணி, சூடான வடை. பூக்கடைகளில் மாலைகளுக்கு நடுவே துளசிக் கட்டுகள். புரட்டாசி சனிக்கிழமைகளில், 1892இல் அமைந்த சுந்தரராஜப் பெருமாள் ஆலயத்துக்குப் போகிறவர்களுக்குத் துளசி கட்டாயம் வேண்டும்.

பூக்கடை அக்கா ஒருவர் என்னிடம் இரண்டு கட்டுகளை நீட்டினார். "மோந்து பாருங்க தம்பி. இது தண்ணி கொறஞ்ச செடி. எல சின்னது, வாசம் தூக்கும்."

அவர் சொன்னது சரிதான். துளசியின் மணம், இலைமேல் இருக்கும் நுண்ணிய சுரப்பிகளின் எண்ணெயில் இருக்கிறது. கிராம்பில் உள்ள யூஜெனால் இதிலும் உண்டு. தண்ணீர் குறைந்தால் செடி தன் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். கரியமில வாயு உள்ளே வருவது குறையும், வெயில் குறையாது. வளர்ச்சிக்குப் பயன்படாமல் மிஞ்சும் ஆற்றலில் ஒரு பகுதி மணப்பொருள்களாக மாறுகிறது என்பது தாவரவியலாளர்களின் விளக்கம். துளசிக்கு உறவான திருநீற்றுப்பச்சிலையிலும் ஆய்வுகள் இதைக் காட்டியுள்ளன.

அப்படியானால் செடியைக் காயவிடலாமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 கிலோ இலையில் 0.5 விழுக்காடு எண்ணெய் என்றால் 50 கிராம். வறட்சியில் அது 0.6 ஆக உயர்ந்து, இலை 6 கிலோவாகக் குறைந்தால் 36 கிராம்தான். வாசம் கூடியும் எண்ணெய் வடிப்பவருக்கு நட்டம். வறட்சி நீடித்தால் செடியே போய்விடும்.

மழைக்குப் பஞ்சமில்லாத ஊர்தான் நம்முடையது. ஆனாலும் கிள்ளான் பள்ளத்தாக்கு 1998இலும் 2014இலும் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்த்தது. 2020 செப்டம்பர் 3ஆம் தேதி ஆற்று நீர் மாசுபட்டு நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட, 1,292 இடங்களில் குழாய் வறண்டது. அதே மாதம்தான் புரட்டாசியும் பிறந்தது. குடிக்கவே வாளியில் பிடித்து வைக்கும்போது, துளசி மாடத்துக்கு யார் ஊற்றுவார்கள்?

தாமான் வீடுகளின் பெயிண்ட் டின்களில் வளரும் கற்பூரவள்ளி, தடித்த இலையில் நீரைச் சேர்த்து வைத்துச் சில நாள் தாங்கும். துளசி சீக்கிரம் வாடும். குழாய் நிற்கும் நாளில் தொட்டியை நிழலுக்கு நகர்த்துங்கள். அரிசி கழுவிய தண்ணீரை மாலையில் வேரடியில் ஊற்றுங்கள். உங்கள் வீட்டுத் துளசி திடீரென்று தூக்கலாக மணந்தால், முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.