தாராவி சபையில் ஒரு வெண்திரை



மும்பை தாதரில் மின்சார ரயில் ஏறினால், மாட்டுங்காவுக்கு அடுத்த நிலையம் சயான். அங்கிருந்து தாராவி 90 அடி சாலைக்கு நடந்தே செல்லலாம். தமிழ்ப் பெயர்ப்பலகைகளையும் இட்லிக் கடைகளையும் காணும்போது, திருநெல்வேலிக்கே வந்துவிட்டோமோ என்று தோன்றும். தோல் பதனிடும் வேலைக்காக நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

கடந்த மழைக்காலத்தில் அங்குள்ள ஒரு சிறிய சபையில் தேவசெய்தி கொடுக்கச் சென்றிருந்தேன். இரும்பு ஏணியில் ஏறிச் செல்லவேண்டிய மாடி அறை. 60 பேர் நெருக்கி அமரலாம். சுவரில் ஒரு வெள்ளைத் துணி. பாடல் தொடங்கியதும் அதில் ஒவ்வொரு அடியும் இரண்டு வரிகளாகத் தோன்றிற்று. மேலே தமிழ் எழுத்து. கீழே வேறு நிறத்தில் அதே தமிழ், ஆங்கில எழுத்துக்களில். முன்வரிசையில் ஓர் ஆச்சி மேல்வரியைப் பார்த்துப் பாடினார்கள். இந்திப் பள்ளியில் படிக்கும் பேத்தி கீழ்வரியைப் பார்த்துப் பாடினாள். என் கண்கள் கலங்கின.

காரணத்தைச் சொல்லுகிறேன். நகரத்தில் வளர்ந்த என் மகன், சிறு வயதில் ஆராதனையில் வாய் திறவாமல் நிற்பான். துதிக்க மனமில்லாதவன் என்று அவனைக் கடிந்துகொண்டேன். அவனுக்கு மனம் இருந்தது, தமிழ் எழுத்துத்தான் தெரியவில்லை என்பதை வெகு காலம் கழித்தே உணர்ந்தேன்.

அந்தச் சபையார் பயன்படுத்துவது 'ஓப்பன் எல்பி' என்னும் மென்பொருள். 2004-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இப்பணியைத் தன்னார்வலர்கள் நடத்திவருகிறார்கள். விலையில்லை, அதன் மூலநிரலும் யாவருக்கும் திறந்திருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளில் இயங்கும். பாடல்கள், வேதப்பகுதிகள், படங்கள் ஆகியவற்றை ஆராதனை ஒழுங்கின்படி முன்னதாகவே அடுக்கி வைக்கலாம். முதலில் தாம் பார்த்துச் சரிசெய்து, பின்பே திரைக்கு அனுப்பலாம். வேதவசனத்தை இரண்டு மொழிபெயர்ப்புகளில் ஒருசேரக் காட்டலாம். அதே வைஃபை இணைப்பிலுள்ள கைப்பேசியிலிருந்தும் திரையை மாற்றலாம்.

முன்பு எங்கள் சபையில் விலைகொடுத்து வாங்கவேண்டிய ஒரு மென்பொருளைத் திருட்டுப் பிரதியாக வைத்திருந்தோம். எட்டாம் கட்டளையைப் பிரசங்கித்த நானே அதைக் கண்டும் காணாதிருந்தேன். ஏழைச் சபைக்கும் நேர்மையான வழி இருக்கும்போது இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை.

ஆனால் மென்பொருள் தானாகத் தமிழ்ப் பாடல்களைத் தந்துவிடாது. பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்தவை திரையில் புரியாத குறிகளாக வரும். அவற்றை யூனிகோடு முறைக்கு மாற்றவேண்டும், அல்லது புதிதாக அடிக்கவேண்டும். "யார் இதைச் செய்கிறீர்கள்?" என்று கணினி அருகே இருந்த வாலிபனிடம் கேட்டேன். "சனிக்கிழமை சாயங்காலம் ஆச்சி பாட்டுப் புஸ்தகத்தை வாசிப்பாங்க ஐயா, நான் அடிப்பேன். இப்போ எனக்கே தமிழ் வாசிக்க வந்துட்டுது" என்றான்.

பிரியமானவர்களே, ஒரு காரியத்தையும் மறவாதிருங்கள். மென்பொருள் இலவசம் என்பதால் பாடல்களும் வேத மொழிபெயர்ப்புகளும் இலவசமாகிவிடா. உரிமை பெற்றவர்கள் இருந்தால் அவர்களிடம் அனுமதி கேளுங்கள்.

பெந்தெகொஸ்தே நாளில் பல தேசத்தார் தேவனுடைய மகத்துவங்களைத் தங்கள் சொந்த மொழியில் கேட்டார்கள். நம் பிள்ளைகளோ சொந்த மொழியின் பாடலுக்கு முன்னே ஊமையராய் நிற்கிறார்கள். உங்கள் சபையில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கக்கூடும். ஓர் ஆச்சியும் ஒரு வாலிபனும் நிச்சயம் இருப்பார்கள். வருகிற சனிக்கிழமை அவர்களை ஒன்றாக உட்கார வையுங்கள். முதலில் ஒரே ஒரு பாடல் போதும். கர்த்தர் உங்கள் சபையை ஆசீர்வதிப்பாராக.