குனிந்தால் முட்டும் மூச்சு

வெள்ளி, இரவு

ஜும்ஆ முடிந்து வந்த வாப்பா முகம் வாடித் திண்ணையில் சாய்ந்தார். "சுஜூதுக்குக் குனிஞ்சா மூச்சு முட்டுது மகள்." வெயிலில் நடந்த களைப்பு என்றார் உம்மா. தொய்வாக இருக்கும் என்றார் பக்கத்து வீட்டு மாமி. எனக்கு மனம் ஒப்பவில்லை. இதயம் பலவீனம் என்று கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டவர் அவர். குனியும்போது வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். ஏற்கெனவே இரத்தம் தேங்கிய இதயத்தில் அழுத்தம் இன்னும் ஏறும். அமெரிக்காவின் டல்லாஸ் மருத்துவர்கள் 102 இதயச் செயலிழப்பு நோயாளிகளைக் கதிரையில் இருத்தி, பாதத்தைத் தொடக் குனியவைத்துப் பார்த்து 2014இல் எழுதினார்கள். 28 சதவீதத்தினருக்கு மூச்சு முட்டியது. அவர்களில் பாதிப் பேருக்கு 8 விநாடிக்குள்ளேயே. சுஜூதில் நிதானமாக மூன்று தஸ்பீஹ் ஓதும் நேரம்தான் அது!

இனிக் கதிரையில் தொழச் சொல்ல வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகைதானே.

ஞாயிறு, சுபஹுக்கு முன்

நடுச்சாமத்தில் எழும்பி ஜன்னலடியில் குந்திவிட்டார். படுத்தால் காலிலும் வயிற்றிலும் நின்ற இரத்தம் நெஞ்சுக்குத் திரும்புகிறது. இடப்பக்க இதயம் அதை முன்னே தள்ள மாட்டாமல் திணற, நனைந்த சாக்கைப் போல நுரையீரல் கனத்து விறைக்கிறது. ஒவ்வொரு மூச்சையும் பாடுபட்டு இழுக்க வேண்டும். இழுக்கும் உதரவிதானமும் இந்த நோயில் நலிந்துபோகும். அதனால்தான் சின்னச் சின்ன மூச்சாக, அவசர அவசரமாக விடுகிறார்.

தம்பி விரலில் மீட்டரை மாட்டினான். 97. "ஒட்சிசன் நல்லாத்தானே இருக்கு, படுங்க வாப்பா" என்றான். அந்த இலக்கத்தை நம்பி எத்தனை வீடுகளில் எத்தனை பேரைப் படுக்கச் சொல்கிறார்களோ! மூளை கேட்கிற காற்றை நெஞ்சால் இழுத்துக் கொடுக்க முடியாதபோதும் மூச்சு முட்டும். அந்தப் பாட்டை விரல் மீட்டர் அளக்காது.

திங்கள்

நிறை மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறது. சாப்பாட்டால் அல்ல, உடம்பில் தேங்கிய நீரால். மழையும் விடுவதாக இல்லை. கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் நாவிதன்வெளியிலிருந்து கல்முனைக்குப் போவது பெரும்பாடு. காலையிலேயே கூட்டிக்கொண்டு போனோம். "எத்தனை தலையணை வச்சுப் படுக்கிறீங்க?" என்றுதான் டொக்டர் முதலில் கேட்டார். மூன்று. குனிந்தால் முட்டுவதையும் சொன்னேன், குறித்துக்கொண்டார். ஃபுரோசமைட்டைக் கூட்டினார், கருவாட்டை நிறுத்தச் சொன்னார். வாப்பாவுக்கு இரண்டாவதுதான் கஷ்டம்.

மாரி முடியும்வரை தினமும் விடியலில், சாப்பிட முதல், நிறை பார்த்துக் கொப்பியில் எழுதுவது என் பொறுப்பு. குளிசை முடிய ஒரு கிழமை இருக்கும்போதே தம்பி போய் எடுத்துவர வேண்டும்.