இருக்கிற வரைக்கும் முழுசாக

செம்பரம்பாக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

பி.எட். பள்ளிப் பயிற்சி நேற்றோடு முடிந்தது. தலைமையாசிரியை ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பிள்ளைகளை விட்டு வர மனசே இல்லை. முன்பு பி.எட். ஒரு வருடப் படிப்பு. 2015-இல் அதை இரண்டு வருடமாக்கியதால்தான் பள்ளியில் இவ்வளவு காலம் இருக்க முடிந்தது. நாலு பாடம் நடத்திவிட்டுக் கிளம்பியிருந்தால் இந்தப் பிள்ளைகளை எனக்குத் தெரிந்தே இருக்காது.

நீ வேலை பார்த்த காலத்தைவிட இங்கே கம்பெனிகள் பெருகிவிட்டன. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று வேலை தேடி வருகிறவர்களோடு அவர்கள் பிள்ளைகளும் வருகிறார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, எந்தப் பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். அப்படித்தான் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன், தமிழ் எழுத்தே தெரியாமல் என் ஆறாம் வகுப்புக்கு வந்தான்.

பெரிய எண்கள் பாடத்துக்கு எங்கள் செம்பரம்பாக்கம் ஏரியையே எடுத்துக்கொண்டேன். நீர்மட்டத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 364.5 கோடி கன அடி. ஒரு கன அடி ஏறக்குறைய 28.3 லிட்டர். அப்படியானால் நிறைந்த ஏரியில் எத்தனை லிட்டர்? 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இல்லையா, ஆளுக்கொரு பக்கம் பெருக்க ஆரம்பித்துவிட்டார்கள். பத்தாயிரம் கோடி லிட்டரைத் தாண்டியதும் வகுப்பே வாயைப் பிளந்தது. முதலில் விடை கண்டுபிடித்தது அந்தப் பையன். பக்கத்தில் இருந்த பெண் கணக்கைச் சைகையோடு வாசித்துக் காட்ட, இவன் போட்டு முடித்தான். அன்றிலிருந்து அவள் அவனுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தாள், அவன் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான்.

எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிய சமயத்தில் அவன் அப்பாவின் கான்ட்ராக்ட் முடிந்தது. குடும்பமே வேறு ஊருக்குப் போய்விட்டது. ‘பாதியில் போகிற பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறாய்?’ என்று கூடப் படிக்கிறவள் கேட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை அக்கா. எந்த ஊருக்குப் போனாலும் பெருக்கல் அவனோடு போகும். இந்த வகுப்பில் தனக்கும் மதிப்பு இருந்தது என்பதும் போகும். எத்தனை நாள் இருப்பான் என்று பார்த்துச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியர் வேலை இல்லை. இருக்கிற வரைக்கும் முழுசாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்தப் பயிற்சியில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது இதுதான்.

ஒன்றுக்கு மட்டும் இன்னும் எனக்கு வழி தெரியவில்லை. பல பிள்ளைகளின் அம்மாக்கள் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளை பள்ளி விட்டு வரும்போது அம்மா தூங்குவார், இல்லையென்றால் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். வீட்டுப்பாடத்தில் கையெழுத்து வாங்கி வா என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? நைட் ஷிப்ட் பார்த்தவள் நீ. அந்த அம்மாக்களுக்கு எந்த நேரம் தோதுப்படும், எவ்வளவு கேட்டால் பாரமாக இருக்காது என்று உனக்குத்தான் தெரியும். விரிவாக எழுது. வேலை கிடைத்து எந்தப் பள்ளிக்குப் போனாலும், நீ சொல்வதை வைத்துத்தான் வீட்டுப்பாடம் கொடுக்கப்போகிறேன்.

அன்புடன்,
உன் தங்கை