கும்மிடிப்பூண்டி லோக்கலில் 'ப்ரோ'

மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்பும் கும்மிடிப்பூண்டி லோக்கல், எண்ணூர் தாண்டும்வரை வேலைக்குப் போகிறவர்களின் வண்டி. மீஞ்சூர், பொன்னேரி வந்ததும் அது பிள்ளைகளின் வண்டியாகிவிடுகிறது. வாசலோரம் நாலைந்து பேர். நடுவில் ஒரு போன். அதில் ஒரு ரீல்ஸ்.

"டேய், உருட்டாத!"

"அவனுக்கு ஏன்டா முட்டுக் கொடுக்கிற?"

"செம கிரிஞ்ச், ப்ரோ."

எதிர் இருக்கைப் பெரியவருக்கு 'முட்டு' தெரியும். கான்கிரீட் தளம் இறுகும்வரை கீழே நிறுத்துகிற கம்பு. தப்பு செய்தவனைத் தாங்கிப் பேசுவதற்கும் அதுவே பெயராகிவிட்டது என்பது அவருக்குப் புதுச் செய்தி. 'உருட்டு' என்றால் அந்தக் காலத்து 'அளந்து விடுறான்'தான். சந்தேகம் கேட்டால் 'பூமர் அங்கிள்' என்ற பட்டம் நிச்சயம். அமெரிக்காவில் 1946 முதல் 1964 வரை பிறந்தவர்களுக்குச் சொன்ன பெயர் அது. இங்கே, 'போனை வச்சிட்டுப் படிடா' என்று சொல்லும் கல்லூரி அக்காகூட பூமர்தான்!

தமிழே கெட்டுப்போச்சு என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். பழைய மெட்ராஸ் பாஷை மட்டும் என்னவாம்? 'நாஷ்டா'வும் 'பேமானி'யும் உருதுக்காரர்கள் தந்தவை, 'நைனா' தெலுங்கிலிருந்து வந்தது. துறைமுகமும் சந்தையும் அன்று செய்த வேலையை இன்று இன்ஸ்டாகிராம் செய்கிறது.

கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் அந்தக் கலவை கண்ணெதிரே நிற்கும். ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை. இரும்பாலை ஷிஃப்ட் முடிந்து வரும் ஒடிசா, பீகார் இளைஞர்கள். இன்னொரு பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம்தானே. டீக்கடை பெஞ்சில் 'மச்சி', 'மாவா', 'பாய்' மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

இதே ஊரில்தான் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பின் அலை அலையாகக் கடல் கடந்து வந்தவர்களுக்காகத் தமிழகமெங்கும் அமைந்த முகாம்களில் இதுவும் ஒன்று. 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 2021இல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. பெயர் மாறலாம், வாயைத் திறந்தால் வரும் தமிழ் மாறுமா? 'பேசுறாங்க' என்று வர வேண்டிய இடத்தில் 'கதைக்கினம்' என்று வந்துவிட்டால் போதும், வகுப்பே திரும்பிப் பார்க்கும். 'நீ கேம்ப்பா?' என்ற கேள்வி வரும். கேட்பவனுக்கு அது சாதாரணக் கேள்வி. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிற பிள்ளைக்கு அப்படி இல்லை.

'ப்ரோ'வில் அந்தத் தொல்லை கிடையாது. 'வைப்', 'கிரிஞ்ச்', 'உருட்டு' எதுவும் எந்த ஊர் என்று காட்டிக்கொடுப்பதில்லை. ஒடிசாக்காரர் மகன், தெலுங்கு வீட்டுப் பையன், முகாம் பிள்ளை எல்லாரும் ஒரே போனிலிருந்து ஒரே வாரத்தில் கற்றுக்கொண்ட சொற்கள் அவை. பெரியவர்களுக்கு எரிச்சலூட்டும் இந்தப் பாஷை, சில பிள்ளைகளுக்கு நல்ல மறைப்பு.

சாயங்காலம் அதே கூட்டம் ஸ்டேஷனிலிருந்து கலைகிறது. "ஓகே ப்ரோ, நைட் ஆன்லைன் வா" என்று கையசைத்துவிட்டு, ஒருவன் முகாம் தெருவுக்குள் திரும்புகிறான்.

"இவ்வளவு நேரமும் எங்கையடா நிண்டனி?"

"ரெயின் பிந்திப் போச்சு, அம்மா. இந்தா, வந்திட்டன்."