பத்து லிட்டர் ஐயம்

மேடவாக்கத்திலிருந்து பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் வரை தண்ணீர்க் கேன்கள் கொண்டுசேர்க்க, 2020-இல் நாங்கள் மூவர் கூட்டாக ஒரு பெட்ரோல் குட்டியானை வாங்கினோம். அப்போது லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடியது. 2025-இல் அது 15-ஐ ஒட்டி நின்றது. நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு மாதம் ஏறக்குறைய 10 லிட்டர் கூடுதல்.

மெக்கானிக் குறையேதும் காணவில்லை. எங்கள் ஐயம் ஓட்டுநர்மீது திரும்பியது. வாய்திறந்து கேட்கவில்லை, ஆயினும் அவர் இறங்கியதும் பெட்ரோல் முள்ளைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினோம். அவர் கண்டும் காணாதவர்போல் இருந்தார்.

பிறகுதான் கணக்குப் போட்டோம். ஒரு லிட்டர் எத்தனால் தரும் ஆற்றல், பெட்ரோலினதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. 2020-இல் நாட்டில் சராசரியாக 5 விழுக்காடாக இருந்த கலப்பு 2025-இல் 20-ஐ எட்டியது. ஆக, ஆற்றலில் 5 விழுக்காடு குறைவு. காணாமற்போன பெட்ரோலில் பெரும்பகுதி இங்கேதான் இருந்தது. எத்தனாலின் ஆக்டேன் எண் அதிகம். அதற்கென அமைத்த எஞ்சின் இழப்பை ஓரளவு ஈடுசெய்யும். எங்களுடையது அத்தகையதன்று. பெரிய லாரிகள் டீசலில் ஓடுவதால் அவற்றுக்கு இத்தொல்லை இல்லை.

கரும்பும் மக்காச்சோளமும் விளைவிக்கும் உழவருக்கு இதனால் நன்மை உண்டு, மறுக்கவில்லை. மைலேஜ் குறையுமென்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருந்தது. வாசகர்கள் என்று பெயரெடுத்த நாங்கள்தான் அதை வாசிக்கவில்லை.

குறிப்பேட்டை ஓட்டுநரிடமே கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். வாங்கிக்கொண்டார்; ஒன்றும் சொல்லவில்லை.