ஒரே மார்க், வேற வேற இருட்டு

பி.காம். படிக்கிறவனுக்கு நைட் விஷன் டியூப்பில் என்ன வேலை என்று நண்பன் கேட்டான். வேலை இருக்கு! உள்ளே இருப்பது எலக்ட்ரானிக்ஸ் என்றாலும், அதை மதிப்பிடுவது நம்ம ரேஷியோ அனாலிசிஸ் மாதிரிதான்.

முதலில் டியூப். மங்கலான நட்சத்திர வெளிச்சம் முன்பக்கத்து போட்டோகேதோடில் விழுந்து எலக்ட்ரான்களைக் கிளப்பும். அவை பல லட்சம் நுண்துளைகள் உள்ள மைக்ரோசானல் தகட்டில் மோதி மோதிப் பல மடங்காகப் பெருகி, பின்னால் பாஸ்பர் திரையில் படமாகத் தெரியும்.

விளம்பரங்களில் வெளிச்சத்தை எத்தனை மடங்கு கூட்டுகிறது என்பதைத்தான் பெரிதாகப் போடுவார்கள். ஆனால் வெளிச்சத்தோடு இரைச்சலும் சேர்ந்துதானே கூடும்? அதனால் இரண்டு அளவுகள் முக்கியம். ஒன்று, ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை கோட்டு ஜோடிகள் பிரிந்து தெரிகின்றன. இன்னொன்று, இரைச்சலைப் போல் சிக்னல் எத்தனை மடங்கு.

2001இல் அமெரிக்கா, டியூப் எந்தத் தலைமுறை என்று பார்த்து ஏற்றுமதியை முடிவு செய்வதை விட்டுவிட்டு, இந்த இரண்டையும் பெருக்கி வரும் எண்ணைப் பார்க்க ஆரம்பித்தது. பெயர் ஃபிகர் ஆஃப் மெரிட். 64 × 25 = 1600. அவ்வளவுதான் கணக்கு. ஆனால் கட்டுப்பாடு விளையாட்டல்ல. நைட் விஷன் தொழில்நுட்பத்தைச் சட்டவிரோதமாக வெளிநாடுகளுக்கு அனுப்பிய வழக்கில், 2007இல் ஐ.டி.டி. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 கோடி டாலர் கட்ட நேர்ந்தது.

இப்போது சிக்கலுக்கு வருவோம். 72 × 25 = 1800. 60 × 30 = அதே 1800. சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்று. நிலா வெளிச்சத்தில் முதல் டியூப் நுணுக்கமாகக் காட்டும். மேகம் மூடிய காட்டில் இரண்டாவதுதான் கைகொடுக்கும். படத்தின் நடுவே கரும்புள்ளி இருக்கிறதா, விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் எவ்வளவு பெரிது என்பதெல்லாம் இந்தப் பெருக்கலுக்குள் வரவே வராது.

ஒரே லாபம் காட்டும் இரண்டு கம்பெனிகளில் ஒன்றின் கையில் பணம் இருக்கும். இன்னொன்றில் வராத பாக்கி மட்டும் இருக்கும். அதே கதைதான் இது.

கோடு போட்டுப் பிரிக்கச் சட்டத்துக்கு ஒரு எண் போதும். இரவில் தாழப் பறக்கும் ஹெலிகாப்டர் பைலட்டுக்கு, எதிரே மின்கம்பி தெரிகிறதா என்பதுதான் கேள்வி. அதனால் யாராவது 1800 என்று பெருமையாகச் சொன்னால், எதையும் எதையும் பெருக்கினீர்கள் என்று கேளுங்கள் :)