பூட்டு உட்காரும் இடம்

வாட்ச் செயினைச் சின்னதாக்க வேண்டும் என்று வருகிறவர்களைக் கையைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்வேன். சிலர் முறைப்பார்கள். ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலை வெயிலில் வண்டி ஓட்டி வந்த கைக்கு ஓர் அளவு, காலையில் குளித்துவிட்டு வந்த கைக்கு வேறு அளவு. கவுன்ட்டர் மேல் நீட்டி வைத்த கை எப்போதும் மெலிந்துதான் காட்டும். அந்த அளவுக்குக் கண்ணி கழற்றிக் கொடுத்தால், சித்திரை மாத மத்தியானத்தில் செயின் தோலில் அச்சுப் பதிக்கும். மறுநாளே ஆள் திரும்பி வருவார்.

ஒரு கண்ணி சாதாரணமாக 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். எடுத்தால் இறுக்கம், விட்டால் தொளதொளப்பு. இந்த இழுபறிக்காகத்தான் மடக்குப் பூட்டின் பக்கவாட்டில் மூன்று நான்கு ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பின்னை ஊசிமுனையால் அமுக்கி அடுத்த ஓட்டைக்குத் தள்ளினால் இரண்டு மில்லிமீட்டர் போல மாறும். வருஷக்கணக்காக அதே வாட்சைக் கட்டுகிறவர்கள்கூட அந்த ஓட்டைகளை அழகுக்கு வைத்தது என்று நினைத்திருக்கிறார்கள். ரோலெக்ஸ் சப்மரைனரில் கிளைட்லாக் என்று ஒன்று இருக்கிறது. ஊசி எதுவும் வேண்டாம், விரலாலேயே 2 மில்லிமீட்டர் படிகளாக மொத்தம் 20 மில்லிமீட்டர் வரை நகர்த்தலாம். கடலில் முங்குகிறவர்கள் உடுப்புக்கு மேல் கட்டிக்கொள்வதற்காகச் செய்தது. என்னைக் கேட்டால் நம் ஊர்ப் புழுக்கத்துக்கே அது பொருத்தம்.

பட்டர்ஃபிளை லாக் இதற்கு நேர் எதிர். இரண்டு சிறகும் உள்ளே மடங்கிக்கொள்ளும், வெளியே பூட்டு இருப்பதே தெரியாது, பார்க்க ஜோராக இருக்கும். பெரும்பாலும் பக்க ஓட்டை கிடையாது. அரைக் கண்ணி இருந்தால் பிழைத்தோம். இந்த ஊரில் நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை, ஷோரூம்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

எத்தனை கண்ணி என்பது கணக்கு. எந்தப் பக்கத்திலிருந்து என்பதில்தான் வேலைப்பாடு இருக்கிறது. அவசரக்காரர்கள் ஒரே பக்கத்தில் மூன்று கண்ணிகளை உருவிவிடுவார்கள். அளவு சரியாகவே இருக்கும், ஆனால் பூட்டு நடுவில் நிற்காமல் மணிக்கட்டின் ஓரத்துக்கு ஏறிவிடும். மணிக்கட்டின் அடிப்பக்கம் தட்டை, ஓரம் உருண்டை. பூட்டோ வளைந்துகொடுக்காத தகடு. உருண்டையில் ஏறினால் விளிம்பு எலும்பில் இடிக்கும், டயல் எதிர்ப்பக்கம் சரியும், ஆள் நாள் முழுக்கக் கையை உதறிக்கொண்டே இருப்பார். ஆறு மணிப் பக்கம் ஒரு கண்ணியைக் குறைத்து, பன்னிரண்டு மணிப் பக்கம் ஒன்று கூட விட்டுப் பார்ப்பேன். இடது கையில் கட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒத்துவரும்.

பின் எடுப்பதில் ஒரு சூட்சுமம். கண்ணியின் உள்பக்கம் அம்புக்குறி இருக்கும். அது காட்டும் திசையில் தட்டி எடுக்க வேண்டும், எதிர்த்திசையில் போட வேண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். சில சீகோ செயின்களில் பின் தன் பலத்தில் நிற்பதில்லை. கண்ணிக்குள் கடுகளவு குழாய் ஒன்று உட்கார்ந்திருக்கும், பின்னைக் கவ்விப் பிடிப்பது அதுதான். பின்னைத் தட்டும்போது சத்தமில்லாமல் கீழே விழுந்துவிடும். யூடியூப் பார்த்து வீட்டிலேயே கழற்றுகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. பின் திரும்ப உள்ளே போய்விடும், பார்வைக்கு எல்லாம் சரி. சில நாளில் பின் நழுவி, வாட்ச் பஸ்ஸிலேயே போய்விடும். நான் வெள்ளைத் துணி விரித்துத்தான் தட்டுவேன்.

கை அரிக்கிறது என்று வருகிறவர்கள் உலோகத்தைக் குற்றம் சொல்வார்கள். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டுதான். ஆனாலும் முதலில் பூட்டைத் திறந்து மடிப்பைப் பார்ப்பேன். வியர்வை, சோப்பு, கடற்காற்றின் பிசுக்கு எல்லாம் சேர்ந்து கறுப்பாக அப்பியிருக்கும். பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர், பிறகு ஈரம் போகக் காயவைத்தல், அவ்வளவுதான் வைத்தியம். பொத்தான் இல்லாத பூட்டுகள் தகட்டின் பிடிப்பில் மட்டுமே நிற்பவை, அவை தேயும். “லாக் போச்சு, மாத்துங்க” என்பார்கள். ஓரத்தைக் குறடால் மயிரிழை வளைத்தால் பழையபடி ‘டக்’கென்று விழும்.

புதுச்சேரிக்கே உரிய வரவு ஒன்று உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தாக்களின் வீடுகளிலிருந்து பெசான்சோனில் செய்த லிப் வாட்ச் வரும். பெங்களூரில் 1961இல் சிட்டிசன் கூட்டில் தொடங்கிய எச்.எம்.டி. வாட்சும் கூடவே வரும். அவற்றில் பல, தகட்டை மடித்துச் செய்த பழைய செயினோடு இருக்கும். உள்ளே வெற்றிடம், எடை கம்மி. முடியைப் பிடுங்கும், அது ஒன்றுதான் குறை. பேரன்மார் அதைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கெட்டிச் செயின் மாட்டச் சொல்வார்கள். லேசான வாட்சுக்குக் கீழே கனத்த பூட்டு தொங்கினால் டயல் ஓரிடத்தில் நிற்காது. ஓசூர் டைட்டன் எட்ஜின் தடிமனே 3.5 மில்லிமீட்டர்தான். அதன் அடியில் வாட்சைவிடத் தடித்த பூட்டை வைத்தால் மெலிதாகச் செய்ததற்கே அர்த்தமில்லை. சொன்னால் பாதிப் பேர் கேட்பார்கள்.

சுத்தமாகக் கேட்காதவர்கள், டயலை உள்கைப் பக்கம் திருப்பிக் கட்டும் அம்மாமார்கள். அவர்களுக்குப் பூட்டு புறங்கைப் பக்கம் வந்துவிடும். அடிப்பக்கத்துக்கென்று செய்த வளைவு அங்கே பொருந்தாது, முந்தானை நூலும் அதில் மாட்டும். ரிட்டயர்டு டீச்சர் ஒருவரிடம், “வெளிப்பக்கமா கட்டிப் பாருங்களேன்மா” என்றேன்.

“நாப்பது வருஷமா இப்படித்தாம்பா கட்டறேன். நீ பூட்டைச் சரி பண்ணு.”

விளிம்பை அரத்தால் தேய்த்து, எமரித்தாள் போட்டு, பக்க ஓட்டையில் ஒரு படி இளக்கிக் கொடுத்தேன். அங்கேயே நின்று கையை நாலு தரம் மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுத்தார்.